வீடு 'போ போ' என்று சொல்ல வேண்டியதில்லை

'காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது' என்று முதியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் அதற்குத் துணையாக இன்னொரு பேச்சும் உண்டு. "வயசான காலத்துல ஒரு மூலையில சிவனேன்னு உக்காந்திருக்க வேண்டியதுதானே, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" அடுப்பங்கரைக்குப் போன அம்மாவிடம் மகன் இதைச் சொல்கிறான். முருங்கைக்கீரை ஒடிக்கப் புறக்கடைக்கு இறங்கிய மாமியாரிடம் மருமகள் சொல்கிறாள். ஊசி போடுகிறவர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். சொல்கிறவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பெரும்பாலும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதனாலேயே இந்தப் பேச்சை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. நான் எதிர்க்கிறேன். ஒருவரை முடியாதவராக்குவதில் வயதுக்கும் நோய்க்கும் இருக்கிற பங்கைப் போலவே அவர் வாழும் வீட்டின் படிக்கும் தரைக்கும் குழாய்க்கும் கக்கூசுக்கும் பங்கு இருக்கிறது. வயதைக் குறைக்க முடியாது. குழாயை உயர்த்த முடியும். முடிகிற வேலையை விட்டுவிட்டு, மனிதரை மூலையில் உட்கார வைப்பதைப் பராமரிப்பு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதை இந்த மாவட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தருமபுரியின் பாறையில் புளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இங்கே பல ஊர்களின் போர் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டியது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். அதே தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு தடிக்கும், மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்களில் சுண்ணாம்பு ஏறும், முதுகெலும்பு ஒரே கழிபோல இறுகும். இது புதிய செய்தியும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைக் கண்டு ஷார்ட்டும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1937-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். நமக்கு மாற்றுத் தண்ணீர் வர அதன்பின் முக்கால் நூற்றாண்டு ஆனது. ஜப்பானின் கடனுதவிக்கு 2008-ல் ஒப்பந்தம் போட்டு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் தீட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கியது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் காவிரித் தண்ணீர் பழைய எலும்பைத் திருப்பித் தராது. முற்றிவிட்ட எலும்புப் புளோரோசிஸைக் குணமாக்க மருந்தும் இல்லை. அதன் மேல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, விறகுப் புகையில் கெட்ட நுரையீரல் என்று வரிசையாக வந்து சேர்கின்றன.

புளோரோசிஸ் இருக்கிறதா என்று ஊர்களில் பார்க்க வருகிறவர்கள் கருவி எதுவும் இல்லாமல் மூன்று சோதனைகள் செய்வார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வார்கள். தாடையை நெஞ்சில் முட்டச் சொல்வார்கள். இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்குப் பின்னால் கோக்கச் சொல்வார்கள். முடியாதவரின் பெயரைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு அவர் வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கணுக்கால் உயரத்தில் தண்ணீர்க் குழாய், தரையில் அடுப்பு, தரையில் அரிவாள்மணை, கைப்பிடி குட்டையான துடைப்பம்: எல்லாம் முதல் சோதனை. ஓட்டு வீட்டின் தாழ்ந்த நிலையும் மாட்டுக் கொட்டகையின் இறவாரமும் இரண்டாவது சோதனை. எட்டிப் போட வேண்டிய துணிக்கொடி, பரண், மேல் தட்டில் இருக்கிற மாத்திரை டப்பா, இவை மூன்றாவது. சுகாதாரப் பணியாளர் ஒரு முறை வைத்த சோதனையை வீடு விடிந்தது முதல் படுக்கும்வரை வைத்துக்கொண்டே இருக்கிறது. தோற்றுத் தோற்றுச் சலித்தவர் ஒரு நாள் எழுந்திருக்காமல் இருந்துவிடுகிறார். "பாவம், வயசாயிடுச்சு" என்று நாமும் முடித்துவிடுகிறோம். இதில் வயதின் குற்றம் என்ன? இந்த இறுக்கம் நாற்பது ஐம்பது வயதிலேயே பிடித்துக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். காவிரிக் குழாய் தெருமுனையில், போர் குழாய் வாசலில். முழங்கால் மடங்காத ஒரு பெண்மணி தனியாக இருக்கும்போது எந்தத் தண்ணீரை எடுப்பார்? எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான். எந்த நோய் அவரை நடக்கவிடாமல் செய்ததோ அதே நோயை வளர்க்கும் தண்ணீரை வீட்டின் அமைப்பு அவர் கையில் கொடுக்கிறது. அடியில் குழாய் வைத்த ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை இடுப்பு உயர மேடையில் வைத்து, யாராவது காலையில் காவிரித் தண்ணீரை அதில் நிரப்பிவிட்டுப் போனால் அந்த நாள் முழுக்க அவர் குனியவும் வேண்டாம், போர் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். புறக்கடைக் குழாயை உயர்த்தும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். குழாயை மட்டும் உயர்த்திவிட்டுக் குடத்தைத் தரையிலேயே வைக்கிறார்கள். குடம் உட்காரும் மேடையும் சேர்ந்து உயர வேண்டும். நிரம்பிய குடத்தை நகர்த்தி இடுப்பில் ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. தரையிலிருந்து தூக்குகிற ஒவ்வொரு குடமும் இறுகிய முதுகுக்குச் சித்திரவதை.

ஓய்வுதான் மருந்து என்கிறவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2007-ல் வந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. நோய் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே மூட்டு இறுகியவரை மாதக்கணக்கில் கட்டிலில் சாய்த்து வைத்தால் என்ன மிஞ்சும்? உட்கார வைத்ததால் கால் வலுவிழக்கிறது; வலுவிழந்ததைக் காட்டி மேலும் உட்கார வைக்கிறோம். சர்க்கரை கூடுகிறது, மலச்சிக்கல் வருகிறது, பேச ஆள் குறைகிறது. ஓய்வு வேண்டியவர்கள் இல்லையா என்றால் உண்டு. எலும்பு முறிந்தவருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறவருக்கும் இளைப்பாற இடம் வேண்டும். அந்த இடத்தைக் கட்டிலில் மட்டுமே ஏன் வைக்க வேண்டும்? வாசலில் ஒன்று, புறக்கடைக்குப் போகும் வழியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று என்று கெட்டியான இருக்கை போட்டுக் கொடுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். இருக்கை பதினெட்டு அங்குல உயரம் இருக்கட்டும், கை ஊன்றி எழக் கைப்பிடி இருக்கட்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவது இளவட்டத்துக்கே பாடு.

"நடமாட விட்டா விழுந்துடுவாங்க" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது, பயமும் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் முதியவர்களே அதிகம். ஆனால் விழுகிறவர் நடப்பதால் மட்டுமா விழுகிறார்? அவர் எங்கே கால் வைக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? முதியவர்கள் விழுவதைத் தடுக்க வீட்டை மாற்றியமைத்தால் பலன் உண்டா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அறிக்கை 2023-ல் வந்தது. வீட்டிலுள்ள ஆபத்துகளை நீக்கியபோது விழுதல் மொத்தத்தில் 26 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்குத் துணை தேவைப்படுகிறவர்கள் போன்றோரிடம் 38 சதவீதம் குறைந்தது. அதாவது யாரை 'இனி நடக்காதே' என்று உட்கார வைக்கிறோமோ, அவருக்குத்தான் வீட்டை மாற்றினால் பலன் அதிகம்.

பென்னாகரம் வட்டத்தில் என் உறவுக்காரப் பெரியம்மா ஒருவரின் வீட்டுக் கக்கூஸ் கதவை நான் மறக்க மாட்டேன். தகரக் கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் கீழ்நோக்கி வளைந்து, அதைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளில் ஒன்று பாதி பிடுங்கிக்கொண்டு நின்றது. தாழ்ப்பாள் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. குந்தி உட்கார்ந்தவர் எழுவதற்குப் பிடித்து இழுக்க அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான் இருந்தது. எத்தனை நாளாக அந்த உடம்பின் பாரத்தை அது தாங்கியதோ. வீட்டில் யாருக்கும் தெரியாது, அவர் சொல்லவுமில்லை. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். ராத்திரியில் போகாமல் இருக்கலாம் அல்லவா? ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரையால் அடிக்கடி சிறுநீர், போகிற வழியில் இருட்டு, பாம்பு பயம், படியேறிப் போனால் பிடிக்க எதுவுமில்லை. அதனால் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்தார். இந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், இதையே எத்தனையோ பேர் சொல்வார்கள். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்த பிறகு 'சிவனேன்னு உக்காரு' என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு நா எழாது.

மாற்றியது என்ன? வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை வளைத்து இரண்டு கைப்பிடி. ஹாலோ பிளாக் சுவரில் திருகாணி நிற்காது, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதனால் பைப்பைத் தரைக் கான்கிரீட்டிலேயே ஊன்றி நிறுத்தினோம். பேசின்மேல் வைக்க மெடிக்கல் கடையில் விற்கும் இரும்புக் கமோடு ஸ்டூல். நடு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் பலரும் வைக்கிறார்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் அகன்று சறுக்கும், வேண்டாம். ஒற்றை உயரப் படியை உடைத்து இரண்டு தாழ்ந்த படிகள், பக்கத்தில் ஒரு பிடி. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை இரண்டு பல்பு, ஆள் நடந்தால் தானே எரிகிறவை. கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். பெரியம்மா இப்போது ராத்திரியும் தண்ணீர் குடிக்கிறார்.

இந்த இடத்தில் மரபுக் கட்சி எழுந்து வரும். குந்தி உட்காருவதுதான் நம் வழக்கம், அதுதான் மூட்டுக்கு நல்லது, மேல்நாட்டுக் கழிப்பறை வந்துதான் முழங்கால் வலி வந்தது என்பார்கள். மூட்டு நன்றாக இருக்கிறவர் குந்தட்டும், சாகும்வரை குந்தட்டும், எனக்கு மகிழ்ச்சியே. மூட்டு மடங்காதவரிடம் இந்த அறிவுரையை நீட்டுவது கொடுமை. 2014-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். இங்கே நான் பார்த்தவை எல்லாம் குந்தும் பேசின்கள், உயரப் படி, பிடி கிடையாது. முதுகு இறுகிய ஊரில் கட்டியவை இவை. ஊர்க் கணக்கில் அது 'பயன்பாட்டில் உள்ள கழிப்பறை'; பாட்டி மட்டும் புளியமரத்து மறைவுக்குப் போகிறார். காரணம், அங்கே பிடித்து எழ ஒரு கிளை இருக்கிறது.

ஜப்பானைச் சொன்னேன் அல்லவா, அவர்களும் தரையில் உட்கார்ந்து உண்டு, தரையில் படுத்து, குந்திக் கழித்த மக்கள்தான். 2000-ல் அவர்கள் கொண்டுவந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், பராமரிப்புத் தேவை என்று மதிப்பிடப்பட்ட முதியவர் தன் வீட்டை மாற்றிக்கொள்ள 2,00,000 யென் வரையிலான செலவுக்கு உதவி உண்டு. அவர் கையிலிருந்து ஒரு சிறு பங்கு கொடுத்தால் போதும். எதற்கெல்லாம் என்ற பட்டியலைப் பாருங்கள்: கைப்பிடி வைக்க, படி உயர வேறுபாட்டை நீக்க, வழுக்காத தரை போட, கதவைப் பக்கவாட்டில் இழுக்கும் கதவாக மாற்ற, குந்தும் கழிப்பறையை உட்காரும் கழிப்பறையாக்க. மரபு அழிந்துவிடும் என்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. நமக்குத் தண்ணீர் கொண்டுவரக் கடன் கொடுத்த நாட்டிடம் இந்தப் பாடத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

"அதெல்லாம் வசதியானவங்க வேலை" என்பார்கள். வசதி வந்த வீடுகளைப் பார்த்துத்தான் எனக்கு அதிக வருத்தம். மகன் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ உழைத்துச் சேர்த்து ஊரில் மாடி வீடு கட்டுகிறான். தெருவைவிட நாலடி உயர்த்திய அடித்தளம், ஐந்து கிரானைட் படிகள், கைப்பிடி இல்லை. உள்ளே முகம் தெரியும் டைல்ஸ். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கிய அப்பா ஈரக் காலோடு அதில் நடக்க வேண்டும். கிரகப்பிரவேசம் முடிந்த கொஞ்ச நாளில் அவரும் அம்மாவும் பழைய ஓட்டு வீட்டுக்கோ மாட்டுக் கொட்டகைப் பக்கத்து அறைக்கோ திரும்பிவிடுகிறார்கள். "எங்களுக்கு அங்கதாம்பா காத்து வருது" என்கிறார்கள். காற்றுக்காக இல்லை, பயத்தால் போனார்கள். பந்தலுக்குக் கொடுத்ததில் ஒரு ஓரம் போதும், அந்த ஐந்து படிக்கும் இருபுறமும் பிடி வைத்திருக்கலாம். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டிருக்கலாம். சக்கர நாற்காலி நுழைய மூன்றடிக் கதவு வைத்திருக்கலாம். கட்டும்போது செய்தால் செலவு கண்ணுக்கே தெரியாது.

தோட்டத்துக்கு வருகிறேன். முதலில் பறிபோவது இதுதான். "சேறு, வழுக்கும், பூச்சி பொட்டு" என்று புறக்கடை முழுவதையும் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். பூசிய மழமழத் தரையில் ஒரு மழைக்காலம் பாசி படிந்ததும் சேற்றைவிட மோசமாக வழுக்குகிறது. பாதைக்கு மட்டும் இரண்டரை அடி அகலம் சிமெண்டு போட்டு, காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் கால் பிடிக்கும். மீதி மண் மண்ணாகவே இருக்கட்டும்.

குனிய முடியாதவருக்குப் பாத்தியை உயர்த்துங்கள். மூன்று வரிசை ஹாலோ பிளாக் அடுக்கினால் இரண்டடி வரும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை நீட்டுவதானால் அகலமும் இரண்டடிக்கு மேல் வேண்டாம். அடியில் தேங்காய் மட்டையும் காய்ந்த சருகும், மேலே செம்மண்ணும் சாணி எருவும். ஓரத்தில் உட்கார்ந்துகொண்டே சிறுகீரையும் தண்டங்கீரையும் கிள்ளலாம். அவரைக்கும் பாகலுக்கும் பந்தலைத் தலைக்குமேல் போடாமல் சாய்த்து நெஞ்சு உயரத்தில் போட்டால், கை தூக்க முடியாதவரும் காய் பறிப்பார். முருங்கையை நாலடியில் வெட்டி வெட்டி விட்டால் அது கிளைத்துக் கைக்கெட்டும் உயரத்திலேயே தழைக்கும். புளோரைடு பாதித்தவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவைக் கூட்டச் சொல்கிறார்கள். முருங்கைக்கீரை, கொய்யா, நெல்லி, இந்த மண்ணின் கேழ்வரகு: மருந்துக் கடைக்குப் போகாமல் கிடைப்பவை. ஆட்டுக் கயிறும் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பும் நடைபாதையின் குறுக்கே கிடக்காமல் இருக்க ஒரு முளையும் ஒரு கொக்கியும் அடித்துக் கொடுங்கள்.

தோட்டத்தைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டத்து மனிதர்களைத் தெரியாது. அறுபது வருடம் சாமையும் ராகியும் விதைத்த கை அது. எந்தக் கொத்து முற்றியது, எந்த விதையை எடுத்து வைக்கலாம் என்று அதற்குத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி தட்டும் பாட்டிகளைப் பாருங்கள். தரையில் காலை நீட்டி உட்கார முடியாமல் போனதும் 'இனி வேண்டாம்' என்று அனுப்பிவிடுகிறார்கள். தட்டும் கல்லை ஒரு மரக்கட்டைமேல் ஏற்றி, அவருக்கு ஒரு முக்காலி போட்டால் அந்தக் கை இன்னும் சம்பாதிக்கும். மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு அந்தக் கூலி சிறிய காசு இல்லை.

அரசிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2004 வரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். நல்ல திட்டம் என்பதால்தான் மேலும் கேட்கிறேன். வீட்டுக்குள் வந்து நின்று படியையும் கக்கூசையும் கண்ணால் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். 'இங்கே ஒரு கைப்பிடி, அங்கே ஒரு படி' என்று அவர் எழுதிக் கொடுத்தால் ஊராட்சி அதைச் செய்து தர வேண்டும் என்று ஏன் விதி இல்லை? 2017 முதல் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவர்களுக்கு நடைச்சட்டமும் சக்கர நாற்காலியும் தருகிறார்கள். ஆறு அங்குல நிலைப்படியை நடைச்சட்டம் தாண்டாது. நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள் என்பவர்கள் அதை இடிக்க வேண்டாம், இருபுறமும் சரிவாகப் பலகையோ சிமெண்டோ போட்டால் போதும். கலைஞர் கனவு இல்லத்துக்கு 360 சதுர அடியில் 3.5 லட்சம் ரூபாய் தருகிற அரசு, வரைபடத்திலேயே படிக்கு ஒரு பிடியையும் கழிப்பறைக்கு ஒரு பிடியையும் கட்டாயமாக்கட்டும்.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றால் முகத்தில் தெரியும். இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்தச் செலவு? அதற்கு என் பதில், அந்த வீட்டு மருமகளைப் பாருங்கள். காவிரித் தண்ணீர் வந்தபோது அவளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதுவரை பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் அவள் குடித்தது அதே போர் தண்ணீர். காலையில் எழும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது என்று இப்போதே சொல்கிறாள். மாமியாருக்காக ஊன்றுகிற ஜிஐ பைப் துருப்பிடிக்காமல் பல வருடம் நிற்கும். அடுத்து அதைப் பிடித்து எழப்போவது அவள்தான். அவளுடைய கை உயரத்தையும் அளந்து வையுங்கள்.